கருணை மனு: யாருக்குக் கிடைக்கிறது, எவ்வாறு கேட்பது?

பீகாரின் கயா மாவட்டத்திலுள்ள பாரா என்னும் ஊரில் 1992 பிப்ரவரியில் பூமிகார் சாதியைச் சேர்ந்த 30-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மாவோயிஸ்ட் கம்யூனிஸ்ட் மையம் நடத்திய அக்கொலைகளுக்காகத் தடா நீதிமன்றம் நால்வருக்கு மரண தண்டனை விதித்தது. அவர்களுள் தலித்துகளும் இருந்தனர். தடா வழக்கு என்பதால் உயர் நீதிமன்றம் என்ற ஒரு படியே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் ஒருவர் மாறுபட்டுத் தீர்ப்பெழுதியும், மற்ற இருவரின் தீர்ப்பால் தூக்கு உறுதியானது. 2003-இல் நால்வரும் சிறையிலிருந்து கருணை மனு அனுப்பினர். அம்மனு குடியரசுத் தலைவரின் மேசையை அடையாமலேயே ஆண்டுகள் கழிந்தன. 2017 சனவரியில்தான் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்துறை அமைச்சகத்தின் பரிந்துரைக்கு மாறாக, அத்தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார். ஏறத்தாழ 14 ஆண்டுகள் அந்த நால்வரும் தூக்கு நாளை எதிர்பார்த்தே கொட்டடியில் கிடந்தனர்.

இதனருகே இன்னொரு வழக்கை வைத்துப் பார்ப்போம். கடற்படை அதிகாரி நானாவதி 1959-இல் பம்பாயில் ஒருவரைச் சுட்டுக் கொன்றார். 1961 நவம்பரில் அவரது ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 1964-இல் மராட்டிய ஆளுநர் விஜயலட்சுமி பண்டிட் அவருக்கு மன்னிப்பு வழங்கிவிட்டார். அரசமைப்புச் சட்டம் ஒன்றுதான். மன்னிக்கும் அதிகாரமும் அதே அதிகாரந்தான். ஒருவரது மனு மூன்று ஆண்டுகளுக்குள் பலன் தந்தது. நால்வரது மனு எங்கே கிடக்கிறது என்பதைக் கண்டறியவே பத்தாண்டுக்கு மேலாயிற்று.

கருணை என்ற சொல் நம்மை ஏமாற்றுகிறது. மன்னர் மனமிரங்கி அருளும் கொடை போல அது ஒலிக்கிறது. நடைமுறையில் அது கோப்பு, அறிக்கை, பரிந்துரை, பின்தொடர்தல் ஆகியவற்றால் நகரும் நிர்வாகச் செயல். யாருக்காக வெளியே ஆள் நிற்கிறதோ அவருடைய கோப்பு நகர்கிறது. தில்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016-இல் வெளியிட்ட மரண தண்டனை ஆய்வறிக்கையின்படி, தூக்குத் தண்டனைக் கைதிகளில் 74.1 விழுக்காட்டினர் பொருளாதாரத்தில் நலிந்தோர், 24.5 விழுக்காட்டினர் பட்டியல் சாதி, பழங்குடியினர். இவர்களில் பெரும்பாலோருக்குத் தம் மனு எந்த அலுவலகத்தில் உள்ளது எனக் கேட்டெழுத ஆளில்லை. அப்பணியை இயக்கங்களும் மாணவர்களும் செய்ய முடியும். அதற்குச் சட்டத்தின் வழிகளைத் தெரிந்துகொள்வது தேவை.

இரண்டு வாசல்கள்

தண்டனையைக் குறைக்க அரசுக்குள்ள அதிகாரம் இரு இடங்களிலிருந்து பிறக்கிறது. ஒன்று அரசமைப்புச் சட்டம். மற்றொன்று குற்றவியல் நடைமுறைச் சட்டம். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் பல மனுக்கள் தவறான முகவரிக்குச் சென்று வீணாகின்றன.

அரசமைப்புச் சட்டத்தின் 72-ஆம் உறுப்பு குடியரசுத் தலைவருக்கும், 161-ஆம் உறுப்பு ஆளுநருக்கும் மன்னிக்கும் அதிகாரத்தைத் தருகின்றன. மன்னிப்பு, தண்டனையின் தன்மையை மாற்றுதல், அளவைக் குறைத்தல், நிறைவேற்றத்தைத் தள்ளிவைத்தல் என இதற்குப் பல வடிவங்கள் உண்டு. இராணுவ நீதிமன்றத் தண்டனைகள், ஒன்றிய அரசின் அதிகாரத்திற்குட்பட்ட சட்டங்களின் கீழான குற்றங்கள், எல்லா மரண தண்டனைகளும் குடியரசுத் தலைவரிடம் செல்லலாம். மாநில அதிகாரத்திற்குட்பட்ட குற்றங்கள் ஆளுநருக்குரியவை. கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் பொதுவாக ஆளுநரிடமே கேட்க வேண்டும்.

கேட்பது ஆளுநரிடம் என்றாலும் முடிவெடுப்பது அமைச்சரவையே. மாரு ராம் வழக்கில் 1980-இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பேரறிவாளன் வழக்கில் தமிழ்நாடு அமைச்சரவை 2018 செப்டம்பர் 9 அன்று விடுதலைக்குப் பரிந்துரைத்தது. ஆளுநர் இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்து, பின்னர் கோப்பைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் அச்செயலைச் சட்டத்திற்குப் புறம்பானது எனக் கூறி, 142-ஆம் உறுப்பின்கீழ் தானே விடுதலைக்கு உத்தரவிட்டது. அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்ற இவ்விதி, எளிய கைதி ஒவ்வொருவருக்கும் இன்று பயன்படக் கூடியது.

இரண்டாவது வாசல் சட்டமன்றங்களும் நாடாளுமன்றமும் இயற்றிய சட்டம். முன்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 432, 433, 433ஏ பிரிவுகளாக இருந்தவை, 2024 சூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 473, 474, 475 பிரிவுகளாக உள்ளன. நாம் அன்றாடம் கேட்கும் ‘முன்விடுதலை’ பெரும்பாலும் இவற்றின் கீழ் நிகழ்வது. இங்கே ஒரு பூட்டு உண்டு. மரண தண்டனையும் விதிக்கத்தக்க ஒரு குற்றத்திற்கு ஆயுள் தண்டனை பெற்றவர், 14 ஆண்டுகளை உண்மையாகவே சிறையில் கழித்தாக வேண்டும். விசாரணைக் கைதியாகக் கழித்த காலம் இதில் சேரும்; வேலைக்காகவும் நன்னடத்தைக்காகவும் சிறை தரும் கழிவு நாள்கள் சேரா. 161-ஆம் உறுப்புக்கு இப்பூட்டு இல்லை. 14 ஆண்டுகள் முடியுமுன்பே ஆளுநர் விடுவிக்கலாம் என்பதை அரியானா அரசுக்கும் ராஜ்குமாருக்கும் இடையிலான வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது.

ஆயுள் தண்டனை என்றால் 14 ஆண்டுகள் என்று நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை நிலவுகிறது. அது தவறு. ஆயுள் என்பது உயிருள்ளவரை என 1961-இல் கோபால் கோட்சே வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. (காந்தி கொலைவழக்கின் அந்தக் குற்றவாளி, அத்தீர்ப்புக்கு மூன்றாண்டுகள் கழித்து 1964-இல் விடுதலையாகி வீடு சேர்ந்தார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.) 14 ஆண்டுகள் முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது, பரிசீலிக்கப்படும் தகுதி மட்டுமே பிறக்கிறது.

அந்தத் தகுதி பிறந்ததும் மனுவுக்குக் காத்திராமல் அரசே பரிசீலிக்க வேண்டும் என்று 2025 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டுள்ளது. முன்விடுதலைக் கொள்கை இல்லாத மாநிலங்கள் அதை உருவாக்க வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுதிக் கைதிக்குத் தெரிவிக்க வேண்டும், விதிக்கும் நிபந்தனைகள் நியாயமானவையாக இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது. ஆயினும் அரசு தானாகச் செய்யும் என நம்பிக் கைதியின் குடும்பம் காத்திருக்கக் கூடாது என்பதே நம் கருத்து. தகுதி நாளுக்குச் சில மாதங்கள் முன்பே மனுவை அளித்துவிட வேண்டும். அதில் இத்தீர்ப்பையும் குறிப்பிட வேண்டும். தண்டனை பெற்ற நாளில் இருந்த கொள்கையே பொருந்தும் என்பதும், பின்னர் வந்த கொள்கை கைதிக்குச் சாதகமானதாக இருந்தால் அதன் பயனையும் கோரலாம் என்பதும் 2010-இலிருந்து நிலைபெற்ற விதி.

மனுவில் என்ன இருக்க வேண்டும்?

மனுவுக்குக் கட்டணமில்லை. கைதியே எழுதலாம், தாயோ மனைவியோ பிள்ளையோ எழுதலாம். இந்திய ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் எந்த அரசு அதிகாரிக்கும் முறையீடு அளிக்க அரசமைப்புச் சட்டத்தின் 350-ஆம் உறுப்பு உரிமை தருகிறது. ஆகவே குடியரசுத் தலைவருக்கும் தமிழிலேயே எழுதலாம். ஓர் ஆங்கில மொழிபெயர்ப்பை உடன் இணைப்பது காலத்தை மிச்சப்படுத்தும்.

வழக்கு எண், தண்டனைச் சட்டப் பிரிவுகள், தீர்ப்பு நாள், மேல்முறையீடுகளின் முடிவு, சிறையிலிருந்த மொத்தக் காலம், பெற்ற கழிவு நாள்கள், விடுப்பில் சென்று குறித்த நாளில் திரும்பிய விவரம் ஆகியவை முதற்பக்கத்திலேயே வரட்டும். அடுத்து, குற்றம் நிகழ்ந்தபோது அவருடைய வயது, அன்றைய குடும்ப நிலை, சிறையில் படித்த படிப்பு, கற்ற தொழில், நோய்கள், வெளியே வந்தால் எங்கே தங்குவார், யார் ஆதரவு, என்ன பிழைப்பு என்பவை. தீர்ப்பு நகல்கள், மருத்துவச் சான்றுகள், ஆதரவளிக்க முன்வருவோரின் கடிதங்கள் இணைப்பில் இருக்க வேண்டும். சிறைக் கண்காணிப்பாளர் வழியாக ஒரு படியும், உள்துறைச் செயலாளருக்கு நேரடியாக ஒரு படியும் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புதலைப் பத்திரப்படுத்த வேண்டும். பாரா வழக்கை நினைத்தால் இந்த ஒப்புதல் துண்டுக் காகிதத்தின் எடை விளங்கும்.

கருணை கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? பொய்வழக்கில் சிக்கவைக்கப்பட்ட நம் தோழர்களிடமிருந்து இக்கேள்வி அடிக்கடி வருகிறது. 72, 161 ஆகிய இரு உறுப்புகளிலும் அப்படியொரு நிபந்தனை இல்லை. 1988-இல் கேகர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்னும் முக்கியமானது: குடியரசுத் தலைவர் வழக்கின் சாட்சியங்களைத் தாமே ஆராய்ந்து, நீதிமன்றம் கண்ட முடிவிலிருந்து வேறுபட்ட முடிவுக்கு வரலாம். அதனால் தீர்ப்பு திருத்தப்படுவதில்லை. அரசமைப்பு தந்த வேறோர் அதிகாரம் செயற்படுகிறது, அவ்வளவே. ஆகவே சாட்சியங்களின் ஓட்டைகள், ஒரே சாட்சியை நம்பிய தண்டனை, தொடக்கத்தில் சட்ட உதவியே கிடைக்காமை, மாறுபட்ட நீதிபதியின் தீர்ப்பு ஆகியவற்றைத் தயங்காமல் எழுதலாம். நீதிபதிகளை ஏசுவது மட்டும் வேண்டா. கோப்பைப் புரட்டும் அதிகாரிக்கு மறுப்பதற்கு எளிதான காரணத்தை நாமே கொடுத்ததாகிவிடும்.

இவ்வளவையும் எழுதித்தர வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு துணை நிற்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், சிறையிலிருப்போர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையோர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணும் உள்ளது. மனு எங்கே உள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். உயிர் அல்லது தனிமனித விடுதலை தொடர்பான தகவலை 48 மணி நேரத்திற்குள் தர வேண்டும் என அச்சட்டத்தின் 7-ஆம் பிரிவு கூறுகிறது. விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே அப்பிரிவைக் குறிப்பிட வேண்டும்.

அறிக்கைகளில் ஒளிந்திருக்கும் சாதி

முன்விடுதலைக் கோப்பின் விதியை நிர்ணயிப்பவை மூன்று நான்கு அறிக்கைகள். சிறைக் கண்காணிப்பாளர், நன்னடத்தை அலுவலர், காவல் துறை ஆகியோர் அறிக்கை தருகின்றனர். தண்டனை விதித்த நீதிமன்றத்தின் கருத்தும் கேட்கப்படுகிறது. ஊர்க் காவல் நிலையத்திலிருந்து வரும் அறிக்கையில் ‘இவர் விடுதலையானால் ஊரில் சட்டம் ஒழுங்கு கெடும்’ என்ற ஒரு வரி போதும். யாரால் கெடும் என்பதை அவ்வரி சொல்வதில்லை. சேரியைச் சேர்ந்த ஒருவர் ஆதிக்க சாதியினர் ஒருவரின் கொலைக்காகத் தண்டனை பெற்றிருந்தால், ஊர்த்தெருவின் எதிர்ப்பே ‘பொது அமைதி’ என்ற பெயரில் கோப்பிற்குள் நுழைகிறது. நிலைமை தலைகீழாக இருக்கும்போது, சேரியின் அச்சம் அதே எடையுடன் பதிவாகிறதா என்று கேட்டுப்பார்த்தால் விடை எளிதில் கிடைக்கும்.

இதை எதிர்கொள்ள ஓர் அளவுகோல் நம் கையில் உள்ளது. 2000-ஆம் ஆண்டின் லட்சுமண் நாஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐந்து கேள்விகளை வகுத்தது. குற்றம் சமூகத்தைப் பரவலாகப் பாதிக்காத தனிப்பட்ட செயலா? மீண்டும் நிகழ வாய்ப்புண்டா? குற்றம் செய்யும் ஆற்றலைக் கைதி இழந்துவிட்டாரா? மேலும் அடைத்துவைப்பதால் பயனுண்டா? அவருடைய குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலை என்ன? இவ்வைந்தையும் விட்டுவிட்டு, போலீசாரின் ஒற்றை வரியை மட்டும் வைத்து மனுவைத் தள்ளுவது சட்டப்படி நிற்காது. 2023-இல் பீகாரைச் சேர்ந்த ராஜோ என்பவரது வழக்கிலும், நீதிபதியின் கருத்தையோ காவல் அறிக்கையையோ இயந்திரத்தனமாகப் பின்பற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. மனு எழுதுவோர் இந்த ஐந்து கேள்விகளுக்கும் தாமாகவே ஒவ்வொரு பத்தியில் விடை எழுதிவிட வேண்டும். குடும்பத்திற்குச் சொந்த நிலமில்லை, பிள்ளைகள் பள்ளியை விட்டு நின்றனர், தாய் நூறு நாள் வேலையில் வாழ்கிறார் என்பவை ஐந்தாம் கேள்விக்குரிய சட்டப்பூர்வமான விடைகள். அவற்றை வெறும் கண்ணீர் என்று எந்த அதிகாரியும் ஒதுக்க முடியாது.

சிறைக்குள்ளிருந்து வரும் நன்னடத்தைப் பதிவும் சாதிக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. துப்புரவு வேலை ஒரு சாதியாருக்கு, சமையல் வேறு சாதியாருக்கு எனப் பிரித்த சிறை விதிகளை 2024 அக்டோபர் 3 அன்று சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதவை என அறிவித்தது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகள் பிரித்து அடைக்கப்பட்ட விவகாரமும் அவ்வழக்கில் பேசப்பட்டது. சீர்மரபினரைப் ‘பழக்கக் குற்றவாளிகள்’ என்று பிறப்பை வைத்தே முத்திரை குத்தும் வழக்கத்தையும் அத்தீர்ப்பு கண்டித்தது. கைதியின் பதிவேட்டில் அத்தகைய முத்திரை இருந்தால், அதை நீக்கக் கோரும் மனுவைக் கருணை மனுவுக்கு முன்பே அளித்துவிடுவது நல்லது.

நம்மைக் கொன்றவர்களுக்கும் இதே வாசல்

இதுவரை சொன்னவற்றை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதி உண்மையை மறைத்ததாகும். கருணை அதிகாரத்தை மிகச் சரளமாகப் பயன்படுத்தியோர் ஆதிக்க சாதிக் குற்றவாளிகள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்த தலித்துகளும் 1997 சூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டனர். தனித்தொகுதியில் நின்று வென்றதே அவர் செய்த ‘குற்றம்’. 17 பேர் ஆயுள் தண்டனை பெற்றனர். அவர்களில் மூவர் 2008-இல் அண்ணா நூற்றாண்டை ஒட்டியும், 13 பேர் 2019 நவம்பரில் எம்.ஜி.ஆர். நூற்றாண்டை ஒட்டியும் விடுவிக்கப்பட்டனர். இரு திராவிடக் கட்சிகளும் இதில் ஒன்றுக்கொன்று சளைக்கவில்லை. லட்சுமண் நாஸ்கர் தீர்ப்பின் முதல் கேள்வியை யாரேனும் நேர்மையாகக் கேட்டிருந்தால், ஓர் இட ஒதுக்கீட்டையே வெட்டிச் சாய்த்த குற்றம் ‘தனிப்பட்ட செயல்’ ஆகியிருக்க முடியுமா?

தலைவர்களின் பிறந்தநாள் விடுதலைகளில் நூற்றுக்கணக்கான ஏழைக் கைதிகளும் வெளியே வருகிறார்கள். ஆகவே பொது முன்விடுதலையை முற்றாக எதிர்ப்பது நம் மக்களையே உள்ளே பூட்டிவைப்பதாக முடியும். நாம் கோர வேண்டியது இரண்டு: ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகப் பரிசீலித்தல், சாதி வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டோரைக் கேட்ட பிறகே முடிவெடுத்தல். இரண்டாவதற்குச் சட்டத்தில் அடித்தளம் உண்டு. வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு, அச்சட்டத்தின் கீழான நடவடிக்கைகளில் பிணை, விடுவிப்பு, பரோல், தண்டனை ஆகியவை குறித்துப் பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்தோரோ கேட்கப்படும் உரிமையைத் தருகிறது. முன்விடுதலைக் குழுவின் முன்னும் இவ்வுரிமை உண்டு என்று எழுத்து மூலம் கோர வேண்டும். தண்டனை அறிவிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே உள்துறைச் செயலாளருக்கும் சிறைத் துறைக்கும் ‘முன்விடுதலை பரிசீலிக்கப்பட்டால் எங்களுக்கு அறிவிக்க வேண்டும்’ என ஒரு கடிதத்தைப் பதிவு செய்துவைப்பது, விடுதலைக்குப் பின் வழக்குத் தொடுப்பதைவிடப் பயன் தரும்.

விடுதலைக்குப் பின்னும் வழி அடைபடவில்லை என்பதற்கு பில்கிஸ் பானு வழக்கு சான்று. 2022 ஆகஸ்ட் 15 அன்று குசராத் அரசு விடுவித்த 11 பேரை, 2024 சனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் மீண்டும் சிறைக்கு அனுப்பியது. காரணம் எளிமையானது: விசாரணை நடந்து தண்டனை விதிக்கப்பட்டது மராட்டியத்தில், ஆகவே விடுவிக்கும் அதிகாரம் மராட்டிய அரசுக்கே உரியது. எந்த அரசு தகுதியான அரசு என்ற கேள்வியை எதிர்க்கும் பக்கத்தில் நின்றாலும் கேட்கும் பக்கத்தில் நின்றாலும் முதலில் சரிபார்க்க வேண்டும்.

கோகுல்ராஜ் கொலை வழக்கில் 2022-இல் மதுரை சிறப்பு நீதிமன்றம் முதன்மைக் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை என்று தீர்ப்பளித்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. இத்தகைய தண்டனையில் முன்விடுதலைக்கே இடமில்லை என்று பலர் நிம்மதி கொள்கின்றனர். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் நடைமுறைச் சட்டத்தின் வாசலை அவ்வாறு அடைக்கலாம் என்று 2015-இல் ஸ்ரீஹரன் வழக்கு கூறியது உண்மையே. ஆனால் 72, 161 ஆகியவற்றை எந்த நீதிமன்றத் தண்டனையாலும் அடைக்க முடியாது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்கிறது. ஆட்சிகள் மாறும்போது நாம் கண்ணயர்வதற்கு இடமில்லை.

தூக்குத் தண்டனையும் நிராகரிப்பும்

மரண தண்டனையில் காலம் மிகக் குறுகியது. புதிய சட்டத்தின் 472-ஆம் பிரிவின்படி, உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த செய்தியையோ உயர் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்த செய்தியையோ சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் மனு அளிக்க வேண்டும். முதலில் ஆளுநரிடம் அளித்து, அவர் மறுத்தால் 60 நாள்களுக்குள் குடியரசுத் தலைவரிடம் அளிக்கலாம். ஒரே வழக்கில் பலர் தண்டனை பெற்றிருந்து சிலர் மனு அளிக்கவில்லை என்றால், அவர்களுடைய விவரங்களையும் வழக்குப் பதிவுகளையும் கண்காணிப்பாளரே சேர்த்து அனுப்ப வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கைதிக்கு 30 நாள் எவ்வளவு என்பதைச் சட்டம் இயற்றியோர் எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. தூக்கு உறுதியான செய்தி வந்த அன்றே சட்ட உதவி வழக்கறிஞர் சிறைக்குச் செல்லும்படி செய்வதுதான் நம்மால் இயன்ற மாற்று.

குடியரசுத் தலைவரின் முடிவுக்கு எதிராக எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடு இல்லை என்றும் அப்பிரிவு கூறுகிறது. இதைப் படித்து மனம் தளர வேண்டியதில்லை. அரசமைப்பின் 32, 226 உறுப்புகள் தரும் நீதிப்பேராணை அதிகாரத்தை ஒரு சாதாரணச் சட்டம் பறிக்க முடியாது. எபுரு சுதாகர் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், கருணை முடிவுகளையும் வரம்புக்குட்பட்டு ஆராயலாம் என்றது; உரிய ஆவணங்களை மறைத்தது, தொடர்பற்றவற்றைக் கருத்தில் கொண்டது, தீய நோக்கு ஆகியவை அதற்கான காரணங்கள். சாதி, மதம், அரசியல் விசுவாசம் ஆகியவற்றை வைத்து மன்னிப்பது கூடாது என்பதும் அத்தீர்ப்பிலேயே உள்ளது. மேலவளவு போன்ற விடுதலைகளை எதிர்க்கும்போது இந்த வரி நமக்கு உதவும்.

காலதாமதமும் ஒரு காரணம். 2014 சனவரி 21 அன்று சத்ருகன் சௌகான் வழக்கில், கருணை மனுவைக் காரணமின்றி ஆண்டுக்கணக்கில் கிடப்பில் போட்டது, கைதியின் மனநோய் முதலியவற்றை ஏற்று 15 பேரின் தூக்கு குறைக்கப்பட்டது. நிராகரிப்பை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதற்கும் தூக்குக்கும் இடையே குறைந்தது 14 நாள்கள் இருக்க வேண்டும். அதுவரையிலும் சட்ட உதவி தொடர வேண்டும் என்ற விதிகளும் அத்தீர்ப்பில் பிறந்தவையே. கருணை மனுக்களைக் கையாள மாநிலங்கள் தனிப் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நம் மாநிலத்தில் அப்பிரிவுக்குப் பொறுப்பான அதிகாரி யார் என்பதைத் தகவல் உரிமை மனுவில் கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ஒருமுறை மறுத்துவிட்டால் முடிந்தது என்றும் கொள்ள வேண்டா. 1993-இல் ஆந்திரத்தின் சிலக்கலூரிப்பேட்டையில் பேருந்து எரிந்து 23 பேர் இறந்த வழக்கில் இரு தலித் இளைஞர்களுக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. கருணை மனு மறுக்கப்பட்ட பின்னும் உரிமை இயக்கங்கள் விடாமல் முறையிட்டன. இறுதியில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது. சூழ்நிலை மாறியிருந்தால் மீண்டும் மனு அளிக்கலாம்.

விடுதலைக்குப் பின்

தண்டனைக் குறைப்பும் மன்னிப்பும் ஒரே விளைவைத் தருவதில்லை. குறைப்பு, மிச்சமுள்ள சிறைக்காலத்தை மட்டும் நீக்குகிறது. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கும். தேர்தலில் நிற்கும் தகுதி இதனால் மீளாது என்று 1961-இலேயே சரத் சந்திர ராபா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அரசு வேலை விண்ணப்பத்தில் ‘தண்டனை பெற்றதுண்டா’ என்ற கேள்விக்கும் முன்விடுதலை பெற்றவர் ‘ஆம்’ என்றே எழுத வேண்டும். முழு மன்னிப்பு மட்டுமே அத்தகுதியிழப்பைத் துடைக்க வல்லது. அது மிக அரிதாகவே வழங்கப்படுகிறது.

சாலை மறியல், சிலை அவமதிப்பை எதிர்த்த போராட்டம் போன்றவற்றில் வழக்குக்குள்ளாகும் கல்லூரி மாணவர்கள் இதனால் கவலை கொள்கின்றனர். வழக்கு நிலுவையில் இருக்கும்போது கருணை மனுவுக்கு இடமில்லை. அரசு வழக்கைத் திரும்பப் பெறுமாறு கோருவதே அப்போதைய வழி. தண்டனை விதிக்கப்படும் நிலை வந்தால், 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் கீழ் தம்மை விடுவிக்குமாறு அந்த நீதிமன்றத்திடமே கேட்க வேண்டும். அச்சட்டத்தின் 3 அல்லது 4-ஆம் பிரிவின்கீழ் விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு எதுவும் சேராது என அதன் 12-ஆம் பிரிவு கூறுகிறது. வழக்கறிஞர்கள் பலர் இதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். தீர்ப்பு நாளன்று வாதத்திற்கு முன்பே அவர்களிடம் இதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.